கடைசிப் படி

அந்த வீட்டில் ஒரு 'வேண்டாம்' சரியாகப் பாதி விலைக்குப் போகும். யார் சொன்னாலும் அதே விலைதான், பெரியவர் சிறியவர் பேதமில்லை. சாப்பாடு வேண்டாம் என்றால் அரைத் தட்டு வரும். கல்யாண வீட்டுக்கு நான் வரவில்லை என்றால், சரி, முகத்தை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடு என்பார்கள். காய்ச்சலாகப் படுத்திருக்கிறேன் என்றால், எழுந்திருக்கவே வேண்டாம், படுத்தபடியே இரண்டு பேருக்கு ஃபோன் போட்டுவிடு என்பார்கள். ஒரு மனுஷர் வாயிலிருந்து வரும் 'வேண்டாம்' விலைமதிப்பில்லாத சரக்கு என்று வெளியே நாலு பேர் சொல்லலாம். அந்த வீட்டில் அதற்கும் விலைச்சீட்டு ஒட்டி, சிவப்பு மையில் கழிவு போட்டு, வாசலிலேயே தொங்கவிட்டிருந்தார்கள்.

பொல்லாதவர்கள் இல்லை. வியாபாரிகள், அவ்வளவுதான். அப்பா திரைச்சீலைத் துணி விற்றவர். ஜன்னல் வைத்தவர்கள் எல்லாம் நம் வாடிக்கை என்று சொல்லிச் சொல்லியே ஒரு பொந்து மாதிரி இருந்த கடையைப் பக்கத்துச் சுவரை இடித்துப் பெரிதாக்கியவர். பேரம் பேசிப் பிழைத்தவருக்கு முதல் 'வேண்டாம்' என்பது 'வணக்கம்' மாதிரி. வந்தவர் வணக்கம் சொல்கிறார், நாமும் பதிலுக்குச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் பேச்சே ஆரம்பம்.

கடை தெருவைவிட உயரம். ஏறி வரப் படிகள் உண்டு. விலை படியாமல் யாராவது இறங்கத் தொடங்கினால் அப்பா அசைய மாட்டார், துணியைச் சுருட்டுகிற மாதிரி பாவனை செய்வார். ஆள் நடுப்படிக்கு வந்ததும் லேசாகத் தொண்டையைச் செருமுவார். கடைசிப் படியில் கால் வைக்கும்போதுதான் கூப்பிடுவார்: "அட, இங்க வாங்க. ஏன் கோவமா போறீங்க?" முன்னாலேயே கூப்பிட்டால் நாம் அலைகிறோம் என்று தெரிந்துவிடும். தெருவில் இறங்கிய பிறகு கூப்பிட்டால் எதிர்க்கடைக்காரன் சிரிப்பான். "அவங்க போறதுக்காக இறங்கறதில்லடா, கூப்பிடறோமான்னு பாக்க இறங்கறாங்க" என்று மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். மகள் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

பேச்சை நிறுத்த அந்தக் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கத்தரி. கைப்பிடி தேய்ந்த கனமான இரும்புக் கத்தரி. அதைத் துணியில் வைத்து முதல் வெட்டு விழுந்துவிட்டால் முடிந்தது கதை. வாங்குபவர் வாய் திறக்கக்கூடாது, விற்பவரும் திறக்கக்கூடாது. ஒருமுறை வெட்டிய பிறகு தவறான விலை சொல்லிவிட்டது தெரிந்தும் அப்பா வாயை மூடிக்கொண்டு சிரித்த முகமாக அனுப்பிவைத்தார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் பேசவில்லை.

மகளுக்கு மீட்டர் என்று பெயர் வைத்தது அண்ணன். எந்த ஜன்னலையும் கண்ணால் பார்த்தே இத்தனை துணி வேண்டும் என்று சொல்லிவிடுவாள், அளந்து பார்த்தால் விரற்கடைகூடப் பிசகாது. தினமும் காலையில் அவள் கடை ஏறும்போது அண்ணன், "என்ன, மீட்டர் ஓடுதா?" என்பான். "உன்னை மாதிரி சூடு வைக்காத மீட்டர், நல்லா ஓடும்" என்பாள். இப்படியே அவளுக்கு நாற்பத்தைந்து வயதாகிவிட்டது.

கல்யாணம் ஆகாததற்கு ஒரு காரணம் உண்டு. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் இருபதுகளில் இருந்தபோது ஒரு நூலகர் வாசகசாலைக்குத் திரைச்சீலை வாங்க வந்தார். சீட்டில் போட்டிருந்த விலையைப் படித்தார், பணத்தை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கடை வரலாற்றில் அப்படிச் செய்த முதல் ஆள். ஒருவேளை விலையைக் குறைத்துப் போட்டுவிட்டோமோ என்று அப்பா அன்று முழுவதும் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நூலகர் மறுபடி வளையம் வாங்க வந்தார், மறுபடி கம்பி வாங்க வந்தார். கம்பியும் வளையமும் தீர்ந்துபோன ஒரு நாள், கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "உங்களுக்கு விருப்பம்னா நாம கல்யாணம் செஞ்சுக்கலாமா?" என்று கேட்டார்.

மீட்டர் அந்த வீட்டுப் பெண். நல்ல சரக்கைக் கேட்ட மாத்திரத்தில் தூக்கிக் கொடுக்கக்கூடாது. "ஐயோ, அதெல்லாம் வேண்டாம்" என்றாள். மனசுக்குள் வணக்கம் சொன்னாள்.

"சரிங்க" என்றார் நூலகர். "நேரா சொன்னதுக்கு நன்றி." படியிறங்கினார். அவர் ஒரு குமாஸ்தா வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டில் ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்தான். கடைசிப் படியில் திரும்பிப் பார்ப்பார் என்று இவள் நின்றாள். கூப்பிட வேண்டியது கடைக்காரர்தான் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவர் தெருவில் இறங்கிக் கூட்டத்தில் கலந்த பிறகுதான் தோன்றியது. அதற்குமேல் கூப்பிட்டால் எதிர்க்கடைக்காரன் சிரிப்பான்.

அவள் மனசாரச் சொல்லாத ஒரே ஒரு 'வேண்டாம்', அதைத்தான் ஒரு ஆள் முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். மனசாரச் சொன்ன மற்றதெல்லாம் வீட்டில் பாதிக்குப் போய்க்கொண்டிருந்தது.

கடைக்குப் பின் தெருவில், பஸ் நிறுத்துமிடத்தைப் பார்த்த மூன்றாம் மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக வந்தாள். தனியாக இருந்தால் சொல்வதைக் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டாள். தப்புக்கணக்கு. கடையில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணிகளை ஒரு கூடையில் போட்டு வாசலில் வைப்பார்கள், வருகிறவர் போகிறவர் எல்லாம் கையை விட்டுக் கிளறுவார்கள். மீட்டருடைய நேரம் அந்தக் கூடை மாதிரி ஆகிவிட்டது. "உனக்கென்ன, தனி ஆளு" என்று சொல்லிக்கொண்டே ஆளாளுக்கு ஒரு துண்டை உருவிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஒரு துண்டு. அண்ணியின் பல் டாக்டருக்குத் துணை போக ஒரு துண்டு.

பிறகு அப்பாவின் சிறுநீரகம் இரண்டும் கையை விரித்தன. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இயந்திரத்தோடு இணைக்க வேண்டும், அது அரை நாள் முழுக்க இரத்தத்தை வெளியே எடுத்துச் சலித்து உள்ளே விடும். கொண்டுபோவது யார் என்று கேள்வியே எழவில்லை.

ஆரம்பத்தில் அப்பா அங்கேயும் கடை போட்டார். "நாலு மணி நேரத்தை மூணரை ஆக்குங்கம்மா, நான் உங்க வீட்டு ஜன்னலுக்கு மலிவா போட்டுத் தர்றேன்" என்று நர்ஸிடம் பேசினார். நர்ஸ் சிரித்தாள், நிமிஷம்கூடக் குறைக்கவில்லை. போகப் போக அப்பா சிரிப்பதை நிறுத்தினார். திரும்பும்போது கால்கள் முறுக்கிக்கொள்ளும். மறுநாள் முழுவதும் சுருண்டு கிடப்பார். கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்போது அடுத்த முறை வந்துவிடும். இதயமும் தளர்ந்துவிட்டது, இந்தச் சிகிச்சை இனி நோயைப் பிடித்து நிறுத்துமே தவிர ஆளை எழுப்பாது என்று டாக்டர் அம்மாள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில் மீட்டர் கடையில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. அந்த ஒரு மத்தியானம் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தூங்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. பெரிய ஆசை ஒன்றுமில்லை, கட்டிலுக்கும் தலையணைக்கும் உட்பட்ட ஆசை.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை மட்டும் எங்கிட்ட எதுவும் கேக்காத. நான் வரல."

"தாராளமா. யாரு உன்னை வரச் சொன்னா?" அண்ணன் துணிச்சுருளைத் தோளிலிருந்து இறக்கினான். "சாயந்தரம் வந்தா போதும்."

"சாயந்தரமும் வரல."

"அட, ஏழு மணிக்கு. அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துட்டுப் போயிடு. உன் அண்ணி கொடுத்தா பச்சைக்குப் பதிலா மஞ்சளைக் கொடுத்துடறா."

"எனக்குக் காது கேக்கும்" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து. "மீட்டர், ஏழு வேண்டாம். ஆறரைக்கு வந்துடு, கையோட சாப்பிட்டுட்டுப் போலாம்."

இப்படித்தான். வேண்டாம் என்று போனவள் ஆறரைக்குச் சம்மதித்துவிட்டு வந்தாள். அண்ணன் வாசல் வரை வந்து, "கோவமா போகாத" என்று அவள் தலையைத் தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டல் மட்டும் இல்லாவிட்டால் எப்போதோ சண்டை போட்டிருப்பாள்.

ஒரு நாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அப்பா டாக்சியைக் கடை வாசலில் நிறுத்தச் சொன்னார். "நேரமாச்சுப்பா" என்றாள் மீட்டர். அவர் ஏற்கெனவே கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். மேலே வந்ததும் பித்தளை அளவுகோல் பதித்த மேசைக்குப் பின்னால், பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார். அண்ணன் ஓடி வந்தான்.

"என்னப்பா, ஆஸ்பத்திரி?"

"போகல. இன்னிக்கும் போகல, இனிமேலும் போகல. போதும்டா."

அண்ணன் மேசைக்கு எதிர்ப்பக்கம், வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நின்றான். வேறு இடம் இல்லை. "சரிப்பா, இன்னிக்கு வேண்டாம். நாளைக்குப் போலாம்."

"இல்ல."

"வாரத்துக்கு ரெண்டு தடவை. நான் டாக்டர்கிட்ட பேசறேன்."

"இல்லடா."

"ஒண்ணு. ஒரே ஒண்ணு. உங்களுக்காக இல்ல, எனக்காக."

அப்பா அவனைப் பார்த்தார். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது, நன்றாகப் பேரம் பேசும் மகனைப் பார்க்கும் சிரிப்பு. பிறகு பக்கத்தில் கிடந்த சாம்பல் நிறத் துணியின் ஓரத்தை இழுத்து மேசைமேல் பரப்பினார். கத்தரியை எடுத்தார். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. வைத்தார், வெட்டினார். கை நடுங்கி வெட்டு கோணிக்கொண்டு போனது. அவர் வெட்டி ஒரு துணி கோணியதை மீட்டர் அன்றுதான் பார்த்தாள்.

கோணிய வெட்டை அண்ணன் கையால் சேர்த்துப் பிடித்தான். "அப்பா, நீங்க இப்படிப் பேசினா எப்படி? நாங்க என்ன குறை வச்சோம்? வேற ஆஸ்பத்திரி வேணும்னா..."

அப்பா மகளைப் பார்த்தார்.

அவள் வாழ்நாளில் அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வழக்கமாக அந்த வீட்டுக் கண்கள் அவளைப் பார்த்தால் ஏதாவது செய்து கொடு என்று அர்த்தம். இது அப்படி இல்லை. நான் சொன்னது உனக்காவது கேட்டதா என்று கேட்ட கண்கள்.

"அண்ணா" என்றாள் மீட்டர். "கத்தரி வச்சாச்சு."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். மெதுவாகத்தான் சொன்னான். "நீ சொல்லுவ. உனக்கென்ன, லீவு கிடைக்கும்."

அண்ணன் தேர்ந்த வியாபாரி. ஒரு சுருள் துணியில் எங்கே நூல் விட்டிருக்கிறது என்று பிரிக்காமலே விரல் வைத்துச் சொல்வான். அன்றும் சரியாக விரல் வைத்தான். அப்பா துணியை வெட்டிய அந்தக் கணத்தில், மனசின் ஒரு மூலையில் 'இன்று மத்தியானம் எனக்கு வேலையில்லை' என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனதை அவள் மட்டும்தான் கண்டிருந்தாள். அவள் அமைதியை ஒப்புதல் என்று அண்ணன் எடுத்துக்கொண்டான்.

முடிவை நேரில் சொல்ல மட்டும் அப்பாவை மீட்டர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்; டாக்டர் அம்மாள் அப்பாவிடம் தனியாகப் பேசினார். நிறுத்தினால் என்ன ஆகும், எத்தனை சீக்கிரம் ஆகும், வலியில்லாமல் பார்த்துக்கொள்ள என்ன செய்யலாம் என்று ஒன்று விடாமல் சொன்னார். "நல்லா யோசிச்சுட்டீங்களா ஐயா? எப்ப வேணும்னாலும் மனசை மாத்திக்கலாம், நாங்க இங்கதான் இருப்போம்."

"நான் கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் குறைக்கலயே" என்றார் அப்பா.

"இதுல நான் குறைக்கறதுக்கு என்ன இருக்கு? உங்க உடம்பு, உங்க முடிவு."

திரும்பி வரும்போது டாக்சியில் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "ஒரே விலைக் கடை" என்றார். மீட்டர் சிரித்தாள். அவர் சிரித்தாரா என்று கவனிக்கவில்லை. அது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அண்ணன் வீட்டில் முன்னறைக்கு அப்பாவின் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார்கள். மீட்டர் கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். துண்டுத் துணிக் கூடையாக இருந்தவள் இப்போது பூட்டு மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்பா சொன்னதை யாரும் பாதிக்கு வாங்க விடக்கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறி. தனக்காக ஒரு தடவைகூடச் செய்யத் தெரியாத வேலை, இன்னொருவருக்காக என்றதும் கைகூடி வந்தது.

அண்ணன் விடுவதாக இல்லை. காலையில் வந்து கட்டிலில் உட்கார்ந்து, "ஒரே ஒரு தடவைப்பா, வீக்கம் வத்தட்டும்" என்பான். அப்பா தலையசைப்பார், இல்லை என்று. மத்தியானம் வேறொரு டாக்டர் பெயரோடு வருவான். சாயந்தரம் பேரப்பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருவான். "வெக்கமில்லாம பிள்ளைங்களை வச்சுப் பேரம் பேசறான் பாரு" என்று அப்பா மீட்டரிடம் சொன்னார். சொன்னபோது குரலில் குறை இல்லை, பெருமைதான் இருந்தது. அண்ணன் வராத நேரத்தில் அவர் கண் அடிக்கடி வாசலுக்குப் போனது. காற்றுக்காகப் பார்க்கிறார் என்று நினைத்து மீட்டர் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தாள்.

அப்பா அதிகம் தூங்கத் தொடங்கிய பிறகு, ஒரு சாயந்தரம் வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்ஜினை நிறுத்தவில்லை. அண்ணன் படியேறி வந்தான். சட்டை கசங்கியிருந்தது, இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை.

"வழி விடு மீட்டர். அப்பாவைத் தூக்கிட்டுப் போறேன்."

"அப்பா வேண்டாம்னு சொல்லிட்டார்."

"அவர் ஆயிரம் சொல்லுவார். பேரம் பேச எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். விடு."

"விடமாட்டேன்."

அண்ணன் அடுத்த விலைக்குக் காத்திருந்தான். சரி, டாக்டரை இங்கே கூட்டிவா என்றோ, காலையில் பார்க்கலாம் என்றோ அவள் இறங்கி வருவாள் என்று நின்றான். அவள் இறங்கவில்லை. கதவு நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் அளவெடுத்தால் பிசகாது, வாசலை முழுசாக அடைத்திருந்தாள்.

"அண்ணா, எனக்கும் அவர் அப்பாதான். நான் வேண்டாம்னு சொல்லும்போதெல்லாம் பாதிக்கு வாங்கினீங்க, சரி, போகட்டும். இது அவர் சொன்னது. இதுல நீ கை வைக்க முடியாது."

அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. அவன் அழுவதை அவள் சின்ன வயசுக்குப் பிறகு பார்த்ததில்லை. முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். வாசற்படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது.

"யாரு?" என்றார் அப்பா. விழித்துத்தான் இருந்திருக்கிறார்.

"அண்ணன்தான்பா. போயாச்சு. இனிமே தொந்தரவு பண்ண மாட்டான்."

"போயிட்டானா?"

"ம்."

"படி இறங்கிட்டானா?"

"இறங்கறான்பா. நீங்க தூங்குங்க."

அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டே தொண்டையைச் செருமினார்.

மீட்டர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார், மீதியை வேண்டாம் என்று கையால் தள்ளினார். அவள் டம்ளரை வாங்கி வைத்தாள். இன்னொரு வாய் குடிங்க என்று சொல்லவில்லை. வெளியே வண்டி கிளம்பிப் போனது.

விடிந்து, பஸ்கள் ஓடத் தொடங்கி, பக்கத்து வீட்டில் ரேடியோ பேச ஆரம்பித்த நேரத்தில் அப்பா போய்விட்டார். வலியில்லை, குழாயில்லை, சொந்தக் கட்டில். அவர் கேட்டது முழுசாகக் கிடைத்தது. டாக்டர் அம்மாள் வந்து மீட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சரியாத்தான் செஞ்சீங்க" என்றார். சரியாகத்தான் செய்தாள். அதில் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை.

சந்தேகம் வந்தது அந்தச் செருமலில்தான். அன்று வரவில்லை. வீடு நிறைந்து பிறகு காலியாகி, எல்லோரும் அவரவர் வேலைக்குப் போன பிறகு, கடையில் ஒரு வாடிக்கையாளர் விலை படியாமல் நடுப்படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. அண்ணன் பழக்கத்தில் தொண்டையைச் செருமினான். மீட்டர் மடித்துக்கொண்டிருந்த துணி கையிலிருந்து நழுவியது. வெறும் சளியாக இருக்கலாம், படுத்தே கிடந்தவருக்குத் தொண்டை கட்டத்தானே செய்யும். கத்தரி வைத்த பிறகு அப்பா வாய் திறந்ததே இல்லை, அதுவும் உண்மை. ஆனால் கோணலாக வெட்டிய துணியும் அவர் இதற்குமுன் வெட்டியதில்லை. அவர் நிஜமாகவே போய்க்கொண்டிருந்தாரா, கூப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இறங்கினாரா? அந்த வீட்டில் கடைசி வரை நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது அண்ணன் ஒருவன். அவனை வாசலோடு அனுப்பியது அவள்.

அண்ணனிடம் இதைக் கேட்கலாம். அவன்தான் இப்போது அவளோடு பேசுவதில்லையே. சண்டை இல்லை, முகத்தைத் திருப்புவதில்லை. "அந்தச் சுருளை எடு", "இதை மடி" என்பதோடு சரி. காலையில் அவள் படியேறும்போது "மீட்டர் ஓடுதா?" என்று கேட்பதில்லை. அண்ணி மட்டும் ஒரு நாள் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் உன்மேல கோவமா இல்ல மீட்டர். என்ன பேசறதுன்னு தெரியாம இருக்கார்."

"ஒரு வார்த்தை திட்டச் சொல்லுங்க அண்ணி. போதும்."

"நானும் சொன்னேன். அவதான் சொல்லிட்டாளே, அப்புறம் என்ன பேசறதுன்னு கேக்கறார்."

ஒரு சனிக்கிழமை சாயந்தரம் அவள் அறைக்குத் திரும்பியிருந்தபோது ஃபோன் அடித்தது. அண்ணன்.

"நாளைக்குக் கடையில சரக்கு எண்ணணும். வர்றியா?"

அவன் குரலைக் கேட்டதும் அவளுக்குப் போகலாம் என்றுதான் இருந்தது. ஆனால் உடனே சம்மதிக்கிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கு இருக்கிறது? அதோடு, ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே அவளுக்கு வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து வாயில் வந்தது.

"இல்லண்ணா. ஞாயித்துக்கிழமை நான் வரல."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சாயந்தரம் வா என்பான். ஒரு மணி நேரம் போதும் என்பான். வராட்டாலும் பரவாயில்லை, சாப்பிடவாவது வா என்பான். ஆறரை என்று சொன்னால் ஏழு என்று சொல்லி ஏழுக்கு ஒத்துக்கொள்ள அவள் தயாராக நின்றாள்.

"சரி" என்றான் அண்ணன். ஃபோனை வைத்துவிட்டான்.

அவள் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நிறுத்தத்தில் பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அத்தனை வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான், ஒரு முறை சொன்னால் ஒரு முறையிலேயே கேட்டுக்கொள்ளும் ஒரு ஆள். கிடைத்துவிட்டது. வேண்டாத சரக்குக்கு அந்த வீட்டில் யாரும் பேரம் பேச மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்ததுதான்.

திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். ஃபோனுக்குப் படிகள் ஏது, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். எண்ணைக்கூட எடுத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது? சொன்னது நிஜமில்லை என்றா? நிஜம்தானே. ஃபோனைத் தலையணைக்குப் பக்கத்தில், சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுத்தாள். நல்ல காற்று. யாரும் வரவில்லை, எதுவும் கேட்கவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் வரும்போதெல்லாம் கண்ணைத் திறந்தாள். அது வேறு வேறு கதவுகளுக்குப் போனது. வியாபாரி மகளுக்குத் தூக்கம் வராவிட்டால் கணக்குத்தான் வரும்.

முழு விலைக்குப் போன 'வேண்டாம்' மூன்று. நூலகரிடம் அவள் சொன்னது, கத்தரி வைத்து அப்பா சொன்னது, அண்ணனிடம் நேற்று அவள் சொன்னது. மூன்றிலும் கழிவில்லை, பேரமில்லை. வரவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக. செலவு, ஆட்கள் மூன்று பேர். ஒரு தொண்டைச் செருமல் மட்டும் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் நிற்கிறது.